கம்ப்ரஸர் எங்கே நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலிருந்தே இசைப்பதிவு செய்வது பற்றிய உங்கள் கட்டுரையில், ஒலியின் உரத்த இடங்களைத் தானாக அமுக்கும் கம்ப்ரஸரில் பெட்டியாக வருவதுதான் அசல், கணினியில் மென்பொருளாக ஓடும் பிளக்இன் அதன் நகல் என்ற தொனி இருந்தது. அதைப் படித்துவிட்டு முதல் வேலையாக ஒரு பெட்டியை வாங்கப் பலர் கிளம்பக்கூடும் என்பதால் இதை எழுதுகிறோம். அசலா நகலா என்று பார்ப்பதைவிட, சிக்னல் போகும் வழியில் கம்ப்ரஸர் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

குரல் மைக்கில் நுழைந்து, ப்ரீஆம்பில் பெரிதாகி, கன்வெர்ட்டரில் எண்களாக மாறிக் கணினிக்குள் போகிறது. ஹார்ட்வேர் கம்ப்ரஸர், அதாவது பெட்டி, கன்வெர்ட்டருக்கு முன்னால் நிற்கலாம். பிளக்இன்னுக்கு அது முடியாது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியான இன்டர்ஃபேஸுக்குள்ளேயே சிப்பில் ஓடும் பிளக்இன்னுக்கும் அதே கதிதான். ஆகவே பாடகர் உச்சத்தில் கத்தி, கன்வெர்ட்டரில் சிக்னல் வெட்டுப்பட்டால், அதன்பின் எந்த பிளக்இன்னைப் போட்டாலும் சிதைந்தது சிதைந்ததுதான். ஹார்ட்வேருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதம் இது. ஆனால் இது டேப் காலத்து வாதம். டேப்பின் இரைச்சலுக்கு மேலே நிற்க, அன்று சத்தமாகப் பதிய வேண்டியிருந்தது. 24 பிட் டிஜிட்டல் பதிவில் அந்தத் தேவை இல்லை. மிக உரத்த வரியைப் பாடச் சொல்லி, உச்சம் -12 முதல் -10 டிபிஎஃப்எஸ்ஸில் (டிஜிட்டல் பதிவின் உச்ச எல்லையை 0 என்று வைத்து எண்ணும் டெசிபல் அளவு) நிற்கும்படி ப்ரீஆம்ப் குமிழைக் குறைத்தால் போதும். அப்போதும் அறையின் இரைச்சல் கன்வெர்ட்டரின் இரைச்சலைவிட மிக உயரத்தில்தான் இருக்கும்.

பெட்டியை வாங்கிய பிறகு வரும் வேலையைப் பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. பொதுவாகக் கம்ப்ரஸரில் மைக்கை நேராகச் செருக முடியாது. இடையில் ப்ரீஆம்ப் வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து திரும்பும் சிக்னலை இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் (ஏற்கெனவே பெரிதாக்கிய சிக்னலுக்கான வாயில்) டிஆர்எஸ் என்னும் கால் அங்குல பிளக்கால் கொடுக்க வேண்டும். எக்ஸ்எல்ஆர் என்னும் மூன்று முனை பிளக் வழியாக மைக் இன்புட்டில் கொடுத்தால் அது இன்னொரு முறை ப்ரீஆம்பில் ஏறிச் சிதையும். மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தான் போட்டிருந்தால் கம்ப்ரஸரின் அவுட்புட்டே பாழாகலாம். மிக்ஸிங்கிலும் பயன்படுத்த வேண்டுமென்றால், ஸ்பீக்கர்களுக்குப் போகும் இரண்டு அவுட்புட் தவிர ஸ்டீரியோவுக்கு இன்னும் இரண்டு அவுட்புட்டும் இரண்டு லைன் இன்புட்டும் தேவை. இரண்டு அவுட்புட் மட்டும் உள்ள சிறிய இன்டர்ஃபேஸில் அது நடக்காது.

அடுத்து லெவல். தொழில்முறைக் கருவிகள் +4 டிபியூ, வீட்டுக் கருவிகள் -10 டிபிவி என்ற சிக்னல் அளவில் இயங்குகின்றன (இரண்டும் மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்பவை). இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12 டெசிபல் வித்தியாசம். இது பொருந்தாவிட்டால், எந்த அளவுக்கு மேல் அமுக்க வேண்டும் என்று சொல்லும் த்ரெஷோல்டு குமிழை எவ்வளவு திருப்பினாலும் கம்ப்ரஸர் வேலையே செய்யாது, அல்லது எந்நேரமும் நசுக்கிக்கொண்டே இருக்கும். பழி பெட்டியின் மேல் விழும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் தவறுவது நேரக் கணக்கு. சிக்னல் கணினியிலிருந்து வெளியே போய்த் திரும்பச் சில மில்லி விநாடிகள் ஆகும். பதிவு மென்பொருளின் வெளிக் கருவியை இணைக்கும் எக்ஸ்டெர்னல் இன்சர்ட் வசதியில் ‘பிங்’ என்னும் சோதனை ஒலி கொடுத்து அந்தத் தாமதத்தை அளந்து சரிக்கட்ட வேண்டும். சரிக்கட்டாமல், கம்ப்ரஸ் செய்த டிராக்கைச் செய்யாத டிராக்கோடு கலந்தால், 1 மில்லி விநாடிப் பிசகே போதும்: 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலி குறைந்து குழிகள் விழுந்து குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஸ்டீரியோவுக்கு இரண்டு மோனோ பெட்டி வைத்தால் இரண்டும் ஒரே அளவில் அமுக்கும்படி லிங்க் செய்தாக வேண்டும். இல்லையேல் இடது பக்கம் அமுங்கும்போதெல்லாம் நடுவில் நிற்கும் குரல் வலப்பக்கம் நகரும். குமிழ் நிலைகளைப் படம் பிடித்து வைப்பதும், 4 நிமிடப் பாட்டை 4 நிமிடம் ஓடவிட்டே மறுபடி பதிவதும் தனி.

பிளக்இன்னிலும் குழிகள் உண்டு. பழைய கருவிகளைப் போலச் செய்யப்பட்ட பல பிளக்இன்கள் -18 டிபிஎஃப்எஸ்ஸை 0 வியூ (பழைய முள் மீட்டரின் இயல்பான அளவு) என்று எடுத்துக்கொள்கின்றன. டிராக்கை உச்சம் தொடும்படி ஏற்றி அதில் அனுப்பினால் தேவையில்லாமல் கரகரக்கும். ப்ரீசெட்டில் உள்ள த்ரெஷோல்டு வேறு யாருடைய லெவலுக்கோ வைத்தது. அதை அப்படியே நம்புவது அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்வதுதான். 1176 என்னும் பழைய கம்ப்ரஸரின் வகையில் அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்), ரிலீஸ் (அமுக்கியதை விட எடுக்கும் நேரம்) குமிழ்களை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும். இது தெரியாமல் மெதுவாக வைப்பதாக நினைத்து மெய்யெழுத்துகளின் முனையையே சீவிவிடுகிறார்கள். மிக வேகமான அட்டாக்கில் அலியாசிங் என்னும் போலி அதிர்வுகள் வரும். அவற்றைக் குறைக்கும் ஓவர்சாம்பிளிங் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளலாம். ரிலீஸை மிகக் குறைத்தால் தாழ்ந்த சுரங்கள் சிதையும். 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 20 மில்லி விநாடி. ரிலீஸ் அதைவிட வேகமானால் கம்ப்ரஸர் ஒலியளவை விட்டுவிட்டு அலையின் வடிவத்தையே துரத்தத் தொடங்கும். இது பெட்டிக்கும் பொருந்தும்.

ஒலியின் தரம்தானே முக்கியம் என்பார்கள். 1176, எஃப்இடி என்னும் டிரான்ஸிஸ்டரால் அமுக்கும் வகை. அதன் அட்டாக் 20 முதல் 800 மைக்ரோ விநாடி. எல்ஏ-2ஏ என்னும் இன்னொரு பழைய கம்ப்ரஸர் ஒளியால் இயங்கும் வகை. அட்டாக் சுமார் 10 மில்லி விநாடி, ரிலீஸின் முதல் பாதி சுமார் 60 மில்லி விநாடியில் முடியும், மீதி பல விநாடி இழுக்கும். இந்த இரண்டு வகைகளுக்கு இடையே உள்ள தூரம், ஒரு வகையின் பெட்டிக்கும் அதன் நல்ல பிளக்இன்னுக்கும் உள்ள தூரத்தைவிட மிகப் பெரியது. சந்தேகம் இருந்தால் இரண்டின் ஒலியளவையும் அரை டெசிபலுக்குள் சமமாக்கி, எது எதுவென்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள். 1 டெசிபல் கூடுதலாக இருப்பது எதுவானாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும்.

வீட்டுப் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் அறைதான். கம்ப்ரஸர் 6 டெசிபல் அமுக்கி, மேக்கப் கெயினில் அந்த 6 டெசிபலைத் திருப்பிக் கொடுத்தால், பாடாத இடங்களில் மின்விசிறியும் எதிரொலியும் 6 டெசிபல் உயரும். பெட்டி, பிளக்இன் இரண்டும் இதில் ஒன்றே. கம்ப்ரஸருக்கான பணத்தில் ஒரு பங்கை மைக்கைச் சுற்றிக் கனத்த போர்வைகள் தொங்கவிடச் செலவழித்தால் பலன் உடனே கேட்கும்.

குரலுக்கு ஒரே கம்ப்ரஸரில் 9 டெசிபல் அமுக்குவதைவிட வேலையைப் பிரித்துக் கொடுப்பது மேல். முதலில் வரிவரியாக கிளிப் கெயினை, அதாவது பதிவுத் துண்டின் ஒலியளவை, சமன் செய்யுங்கள். அடுத்து 4:1 (த்ரெஷோல்டுக்கு மேல் 4 டெசிபல் ஏறினால் 1 மட்டுமே வெளிவரும்), அட்டாக் 1, ரிலீஸ் 60 மில்லி விநாடி, உச்சங்களில் மட்டும் 3 டெசிபல். அதன் பின்னால் 2:1, அட்டாக் 15, ரிலீஸ் 200, இன்னும் 2 அல்லது 3 டெசிபல். பதிவு மென்பொருளோடு இலவசமாக வரும் கம்ப்ரஸரே இதற்குப் போதும்.

பெட்டிக்கு மிஞ்சும் உண்மையான பெருமை ஒன்று: பாடும்போதே, கம்ப்ரஸ் ஆன தன் குரல் ஹெட்ஃபோனில் தாமதமின்றிக் கேட்பது. கணினி பிளக்இன் வழியாகக் கேட்டால், 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபரில் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடம்) போக 5, வர 5 என்று 10 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். பலருக்கு அது நெருடும். அதற்காகவே வாங்குகிறவர்கள் 2:1 அல்லது 3:1-க்கு மேல் போக வேண்டாம், 3 டெசிபலுக்கு மேல் அமுக்க வேண்டாம். பதிந்த பின் அதை எடுக்க வழியில்லை. ப்ரீஆம்ப் அவுட்புட்டைப் பிரிக்க முடிந்தால், கம்ப்ரஸ் ஆகாத சிக்னலை இரண்டாவது இன்புட்டில் கூடவே பதிந்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறையைச் சேர்ந்த வாசகர்கள்