அகராதி தொகுப்பவர்களுக்கு: அந்தச் சாத்தானின் சிரிப்பை எங்கே விட்டீர்கள்?

ஆங்கிலம்-தமிழ் அகராதிகளைத் தொகுப்பவர்களுக்கும், அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் சக மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஓர் ஆங்கிலப் பெயரடையைப் பற்றித்தான் இந்த மடல்: மெஃபிஸ்டோஃபிலியன் (Mephistophelian). இது வந்தால் ‘சாத்தான்தனமான’ என்றோ ‘கொடூரமான’ என்றோ எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு முறை ‘கொடூரமான புன்னகையுடன் தேநீர் ஊற்றினார்’ என்று நானே எழுதியதைப் படித்தபோது, அந்த ஆள் விஷம் வைக்கப்போகிறார் என்றே தோன்றியது. மூலத்தில் அவர் நண்பனைக் கூட்டுத்தொழிலுக்கு இழுக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் பிழை புரியும். 1587-இல் ஜெர்மனியில் அச்சான, ஃபவுஸ்ட் என்ற மந்திரவாதி அறிஞனின் கதையில் வரும் மெஃபிஸ்டோஃபிலிஸ் என்ற சாத்தானின் பெயரிலிருந்து வந்தது இது. அவன் ஃபவுஸ்டை அடித்தோ மிரட்டியோ ஒப்பந்தத்துக்கு இழுப்பதில்லை. 24 ஆண்டுகள் கேட்டதெல்லாம் செய்கிறேன், பிறகு நீ எனக்கு என்கிறான்; ஃபவுஸ்ட் தன் ரத்தத்தாலேயே கையெழுத்துப் போடுகிறான். 1808-இல் வெளியான ஜெர்மன் கவிஞர் கதேயின் நாடகத்தில் அந்தச் சாத்தான் ஃபவுஸ்டிடம் முதலில் கறுப்பு நாயாக வந்து, பிறகு ஊர் சுற்றும் படிப்பாளியாக நிற்கிறான். நன்றாகப் பேசுவான், கிண்டலடிப்பான். படிப்பவருக்கே கொஞ்சம் பிடித்துப்போகிற ஆள்! மாட்டிக்கொள்பவன் தானாக விரும்பி மாட்டிக்கொள்கிறான் என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர்.

இதையும், இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியின் பெயரில் பிறந்த மாக்கியவெல்லியன் என்பதையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியில்லை. மாக்கியவெல்லியன் என்பது பதவிக்கான கணக்கு. அதில் சிரிப்பு தேவையில்லை. ‘சாணக்கியத்தனம்’ அதற்கு ஓரளவு பொருந்தும். ஆனால் நம்மவர்கள் அதைப் பாதி நேரம் பாராட்டாகவே சொல்கிறார்கள். ‘குள்ளநரித்தனம்’ சில்லறைத் தந்திரம். ‘சகுனித்தனம்’ கிட்டே வருகிறது, ஆனால் சகுனி என்றதும் பழைய பகையும் கூடவே வந்துவிடும். மெஃபிஸ்டோஃபிலிஸுக்கு ஃபவுஸ்ட் மேல் தனிப்பட்ட பகை ஏதும் கிடையாது.

அப்புறம் எது? என் கைக்கு அகப்பட்டது ‘நயவஞ்சக’. வஞ்சகத்துக்கு முன்னால் நயம் நிற்கிறது பாருங்கள், அதுதான் வேண்டியது. இதிலும் சிக்கல் உண்டு. குர்ஆன் தமிழாக்கங்களில் நயவஞ்சகர் என்றால் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக நடிப்பவர். போதாததற்கு, செய்தி எழுதுகிறவர்கள் கத்திக்குத்துக்கெல்லாம் ‘நயவஞ்சகமாக’ என்று போட்டு முனையை மழுக்கிவிட்டார்கள். குத்தியதில் என்ன நயம்?

அதனால் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த பதிப்பில் ‘கொடூரமான’ என்பதை இந்தச் சொல்லுக்கு எதிரிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘நயவஞ்சகமான’, ‘ஆசைகாட்டிக் கவிழ்க்கும்’ என்று போட்டு, கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் கொடுங்கள். அந்த வாக்கியத்தில் யாராவது சிரித்துக்கொண்டிருக்கட்டும்.