தொப்பி செய்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார ஞாயிறு இணைப்பில் பிரிட்டிஷ் அரச குடும்பத்துப் பெண்களின் தொப்பிகளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மொத்தம் ஏழு படங்கள். அணிந்தவர் பெயர் ஏழிலும் இருக்கிறது. செய்தவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளாக ரவிக்கை தைத்துப் பிழைப்பவள் நான். எனக்கு உறுத்தாமல் இருக்குமா?

1977-இல் வெள்ளி விழாவுக்கு ராணி எலிசபெத் அணிந்த இளஞ்சிவப்புத் தொப்பியை, என் ஊசி கோக்கும் பூதக்கண்ணாடியை வைத்தே பார்த்தேன். காம்பும் பூவுமாக, துணியால் செய்த 25 மணி வடிவப் பூக்கள் தொங்குகின்றன, ஆட்சியின் ஆண்டுக்கு ஒன்றாக. என்னிடம் கொடுத்திருந்தால் பத்தாவது பூவிலேயே கண்ணைக் கசக்கியிருப்பேன். செய்தவர் ஃபிரெடரிக் ஃபாக்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். ராணிக்கு மட்டுமே முந்நூற்றுக்கும் மேற்பட்ட தொப்பிகள் செய்தவர். அந்தத் தொப்பியோடு ராணி அணிந்த உடுப்பும் விழாவுக்கென்றே புதிதாகத் தைத்ததல்ல. முந்தைய ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக் தொடக்கத்தில் ஏற்கெனவே உடுத்தியதுதான். ஒருமுறை கட்டிய புடவையை அடுத்த கல்யாணத்துக்குக் கட்டத் தயங்கும் என் வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லப் போகிறேன்.

‘கண்ணைப் பறிக்கும் நிறங்கள் எதற்கு?’ என்றும் கேட்டிருந்தீர்கள். ராணி எலிசபெத் உயரம் குறைந்தவராக இருந்தார். தெருவோரம் மணிக்கணக்கில் காத்திருப்பவர், முன்னால் நிற்கும் தலைகளுக்கு இடையே தேடும்போது அந்த நிறம்தான் முதலில் கண்ணில் படும். முன்விளிம்பையும் கவனியுங்கள். பெரும்பாலும் குறுகலாகவோ மேல்நோக்கி வளைந்தோதான் இருக்கும். விளிம்பின் நிழல் விழுந்தால் முகம் தெரியாதே!

2011-இல் வில்லியம் திருமணத்துக்கு இளவரசி பியாட்ரிஸ் அணிந்துவந்ததைக் ‘கேலிக்கூத்து’ என்றிருந்தீர்கள். எனக்கும் அது பிடிக்கவில்லை. முகத்தோடு ஒட்டாமல் நெற்றிமேல் தனியாக நிற்கிறது. ஆனால் செய்தவர் அயர்லாந்தின் ஃபிலிப் ட்ரேசி, சுத்தமான கைவேலை தெரிந்தவர். அடுத்த மாதமே அது ஏலத்தில் 81,100 பவுண்டுக்குப் போய், பணம் குழந்தைகளுக்கான தொண்டு அமைப்புகளுக்குச் சேர்ந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்?

இன்னொன்று. கடைசிப் படத்தில் இருப்பது தொப்பியே அல்ல, ஃபேசினேட்டர் எனப்படும் தலையலங்காரம். ஆஸ்கட் குதிரைப் பந்தயத்தின் அரச வளாகத்துக்குள் 2012 முதல் அதற்கு அனுமதி இல்லை. அங்கே அணியும் தலையலங்காரம் எதுவானாலும், தலையில் அமரும் அடிப்பகுதி நான்கு அங்குல அகலமாவது இருக்க வேண்டும். திருத்தம் வெளியிடும்போது, அதைச் செய்தவர் பெயரையும் விசாரித்துப் போடுங்கள்.

ஒரு தையல்காரி,
மன்னார்குடி