புயல் பாதுகாப்பு மையத்தின் மாற்றுச் சாவியை ஊருக்குள் வைக்கவும், மாதம் ஒரு ஞாயிறு திறந்துவிடவும் கோரும் மனு

அனுப்புநர்:
தரைப்பாலத்துக்குக் கிழக்கே உள்ள கடலோரக் குடியிருப்புகளின் பொதுமக்கள் மற்றும் பேரிடர் முதல்நிலைப் பொறுப்பாளர்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையம் – மாதாந்திரத் தயார்நிலைக் கூடுகைக்குத் திறந்துவிடுதல் – மாற்றுச் சாவியைக் கிழக்குக் கரையில் வைத்தல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுக்கள், முதல்வரின் முகவரி தளத்தில் பதிந்த மனு, கிராம சபைத் தீர்மானம்.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். தரைப்பாலமும் பாதுகாப்பு மையமும் தாங்கள் நேரில் பார்த்த இடங்கள்தான் என்பதால் வழி சொல்லித் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பார்வையில் கண்டவற்றில் ஒன்றுக்கு "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்று பதில் வந்தது. இன்னொன்றுக்கு "அரசுக் கட்டடத்தைத் தனியார் கூட்டங்களுக்கு வழங்க இயலாது" என்று வந்தது. மற்றவை எந்த மேசையில் இருக்கின்றன என்று தெரியவில்லை. எனவே கீழ்க்காணும் விவரங்களைத் தங்களின் மேலான பார்வைக்கு மீண்டும் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. இது தனியார் கூட்டம் இல்லை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை 4 மணி முதல் 6 மணி வரை கோயில் திடலில் கூடுகிறோம். கொடி, மாலை, மேடை, சந்தா எதுவும் கிடையாது. டீயும் சுண்டலும் உண்டு. படகுக்காரர்கள், சுயஉதவிக் குழுப் பெண்கள், ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், கிராம செவிலியர், கல்லூரிப் பிள்ளைகள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸ் எடுப்பவர்கள் பெயர்ப் பட்டியலைத் தெருவாரியாகத் திருத்துவது முதல் வேலை. நடக்க முடியாதவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பின்பக்கம் சாய்த்து, மூன்று பேராகப் படியேற்றுவது. 20 லிட்டர் காலிக் கேனை மூடி இறுக்கி மார்போடு கட்டி மிதப்பது. இன்சுலினை மண்பானைக்குள் வைத்து அதை ஈரமணலில் பதிப்பது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் அளந்து கலப்பது. இவற்றை வந்தவர்கள் எல்லாரும் செய்து பார்க்கிறார்கள். புயலின் நடுப்பகுதி மேலே வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும், ஆட்டை அவிழ்க்கப் போகிறேன் என்று யாரும் வெளியே ஓடக்கூடாது, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும் என்பதைப் பிள்ளைகளே பெரியவர்களுக்குச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டோம். திடலில் செய்யக்கூடியது அவ்வளவுதான். மீதி எல்லாம் பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கிறது.

2. சாவி. மையத்தின் சாவி தரைப்பாலத்துக்கு மேற்கே, சாவிப் பொறுப்பாளர் ஒருவரின் வீட்டில் இருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. கொடுக்கப்பட்ட இடத்தில் வைத்திருக்கிறார். ஆனால் உப்பனாற்றில் தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குவது தரைப்பாலம் என்பது தங்களுக்குத் தெரியும். அதாவது, மக்கள் ஆற்றுக்கு ஒரு கரையில், மையமும் அதே கரையில், சாவி மட்டும் அடுத்த கரையில்.

"எச்சரிக்கை வந்ததும் முன்கூட்டியே திறப்போம்" என்கிறார்கள். வானிலை ஆய்வு மையம் 48 மணி நேரத்துக்கு முன்பும் 24 மணி நேரத்துக்கு முன்பும் எச்சரிக்கை தருகிறது, உண்மைதான். ஆனால் "மேலிடத்து உத்தரவு வரட்டும்" என்று காத்திருந்து, கடைசி நாள் மாலை மழை கொட்டத் தொடங்கிய பிறகுதான் சாவி புறப்படுகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜாவும், 2020 நவம்பரில் நிவரும் கரையேறியது நடுநிசி நேரத்தில். அந்த இருட்டில் யார் ஆற்றைக் கடந்து சாவி வாங்கி வருவது? புயலுக்காவது இரண்டு நாள் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் அதிர்ந்து, அலை தமிழகக் கரைக்கு வர இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் ஆனது. இன்று ஹைதராபாத் மையத்திலிருந்து சுனாமி எச்சரிக்கை சில நிமிடங்களில் வந்துவிடும். வந்து? முதல் மாடிக்கு ஏறும் கிரில் கதவில் பூட்டு தொங்கும்.

அந்தப் பூட்டையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் உள்ளே துருவேறி, சாவி பாதி நுழைந்து நின்றுவிடுகிறது. மண்ணெண்ணெய் விட்டு, தட்டித் தட்டித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. கொத்தில் எந்தச் சாவி எந்த அறைக்கு என்று ஒரு தகரத் துண்டு கூடக் கட்டவில்லை. பித்தளைப் பூட்டு போட்டு, மாதம் ஒருமுறை கிராஃபைட் தூள் தூவித் திறந்து மூடினால் இந்தத் தொல்லை இல்லை. (தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், மணலைப் பிடித்துக்கொண்டு இன்னும் இறுகும்.) பூட்டை நாங்களே வாங்கித் தருகிறோம் என்றும் எழுதிவிட்டோம்.

3. ஜெனரேட்டர். இதுதான் எங்களைத் தூங்கவிடாத விஷயம், ஆகவே நீளமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். 15 கே.வி.ஏ. டீசல் இயந்திரம், கொடுத்தபோது நல்ல இயந்திரம். ஜெனரேட்டர் ஓடாமல் சும்மா நின்றாலே கெட்டுவிடும் என்பது டிராக்டர் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

பேட்டரி முதலில் போகும். நல்ல நிலையில் 12.6 வோல்ட் காட்டவேண்டிய பேட்டரி, யாரும் தொடாமல் கிடந்தால் தானே இறங்கும்; 12-க்குக் கீழே இறங்கி அப்படியே கிடந்தால் தகடுகளில் வெள்ளை படிந்துவிடும், பிறகு சார்ஜ் ஏற்றினாலும் ஸ்டார்ட்டரைச் சுற்றாது. அடுத்தது டீசல். டேங்க் பாதி காலியாக இருந்தால் இரவுக் குளிரில் உள்சுவரில் நீர் கோத்து அடியில் இறங்கும். அந்த நீருக்கும் டீசலுக்கும் நடுவில் பாசி போலக் கசடு வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். இயந்திரம் ஸ்டார்ட் ஆகும், ஐந்து நிமிடம் ஓடும், பிறகு இருமி நிற்கும். சரியாக மக்கள் உள்ளே வந்து உட்கார்ந்த நேரத்தில் நிற்கும்.

மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். சும்மா அல்ல, லோடு கொடுத்து. எல்லா மின்விசிறி, விளக்கு, இரண்டு எச்.பி. தண்ணீர் மோட்டார் அனைத்தையும் போட்டு, மூன்றில் ஒரு பங்கு லோடாவது ஏற வேண்டும். லோடு இல்லாமல் ஓட்டினால் எரியாத டீசல் சைலன்சரில் கறுப்பாக ஒழுகும்; அது பராமரிப்பாகாது, இயந்திரத்துக்குச் செய்யும் கெடுதல். ஓட்டும் முன் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி நீரை வடிக்க வேண்டும், ஆயில் குச்சி பார்க்க வேண்டும், ரேடியேட்டர் பார்க்க வேண்டும். சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் (லைன் மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) "ஜெனரேட்டர்" பக்கம் முழுதாக விழுந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அது சரியில்லாவிட்டால் மின்சாரம் திரும்பி லைனுக்குள் ஏறி, மறுநாள் கம்பத்தில் நிற்கும் வயர்மேனைக் கொல்லும். இதை ஒரே ஒருவர் தெரிந்து வைத்திருந்தால் போதாது. புயலன்று அவர் ஊரில் இல்லையென்றால்? குறைந்தது ஆறு பேர் கைபழக வேண்டும். அதற்குத்தான் கூட்டம்! இயந்திரத்தின் படத்தைச் சார்ட்டில் வரைந்து வைத்துத் திடலில் சொல்லிக்கொடுக்கிறோம் அய்யா. படத்தில் வரைந்த சுவிட்சைத் தள்ளிப் பழக முடியுமா?

இயந்திரம் நிற்கும் மேடை முழங்கால் உயரம்தான். தண்ணீர் அதற்கு மேல் வரும். மேடையை இடுப்பளவு உயர்த்தக் கேட்டது தனி மனு. அதற்கும் பதில் இல்லை.

4. மேல்நிலைத் தொட்டி 5,000 லிட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 300 பேருக்கு 4,500 ஆகிறது. ஒரு நாளைக்குத்தான் காணும். மோட்டார் ஓடவில்லையென்றால் அதோடு சரி. தொட்டியைக் கழுவி எத்தனை காலம் ஆயிற்று என்று பார்க்கக்கூட மொட்டை மாடிக்குப் போக வழியில்லை. ப்ளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம், பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். திறந்து வைத்த பழைய பையில் வீரியம் இருக்காது. உள்ளே இருப்பது எந்த ஆண்டுப் பை என்று சன்னல் வழியாக எங்களால் படிக்க முடியவில்லை.

5. சாய்வுதளத்தில் சைக்கிள்களும் சாக்குகளும். சக்கர நாற்காலி ஏறாது.

6. கழிப்பறை ஆறு. இருபது பேருக்கு ஒன்று என்ற கணக்கில் 120 பேருக்குத்தான் ஆகும். செப்டிக் டேங்கை ஆடி, ஆவணியிலேயே வெளியேற்ற வேண்டும். ஐப்பசியில் நிலத்தடி நீர் ஏறிய பிறகு லாரி வந்தும் பயனில்லை, காலி செய்த டேங்கில் வெளிநீர் புகுந்து பீங்கான் வழியாகவே மேலே வரும். கஜா நாட்களில் பெண்கள் இருட்டும் வரை அடக்கிக்கொண்டு இருந்தார்கள் என்பதை மனுவில் எழுதும் நிலைக்கு வந்துவிட்டோம்.

7. தேர்தல் என்றால் இதே கட்டடம் முதல் நாள் மாலையே திறக்கிறது. விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா, சாய்வுதளம் காலியாக இருக்கிறதா என்று பட்டியல் போட்டுப் பார்க்கிறார்கள். மேற்கே இருக்கும் சாவி அன்றைக்கு எப்படி நேரத்துக்கு வருகிறது? வாக்குப் பெட்டிக்குக் காட்டும் அக்கறையில் பாதியை வாக்காளருக்கும் காட்டக்கூடாதா? கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளவும்.

8. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, நிவாரண மையக் கட்டடங்களை அடையாளம் கண்டு குடிநீர், கழிவறை வசதி செய்வதையும், மக்களுக்குப் பயிற்சி கிடைக்க வழிசெய்வதையும் மாவட்ட ஆணையத்தின் பணிகளில் சேர்த்திருக்கிறது. அந்த ஆணையத்தின் தலைவர் தாங்களே. நாங்கள் பயிற்சியாளரைக் கேட்கவில்லை, நிதி கேட்கவில்லை. டீசல் கூட எங்கள் செலவு.

ஆகவே அய்யா அவர்கள் தயவுசெய்து,

இரண்டாவது ஞாயிறு இரண்டு மணி நேரம் மையத்தைத் திறந்துவிட உத்தரவிடவும். யார் திறந்தார், யார் மூடினார் என்று பதிவேட்டில் கையெழுத்திடுகிறோம். கிராம நிர்வாக அலுவலர் உடனிருந்தால் இன்னும் நல்லது.

மாற்றுச் சாவிக் கொத்து ஒன்றை அறைப்பெயர் எழுதிய தகடுடன் கிழக்குக் கரையில் வைக்க உத்தரவிடவும். எங்களிடம் நம்பிக்கை இல்லையென்றால் ரேஷன் கடையில் வையுங்கள், அங்கன்வாடியில் வையுங்கள், கண்ணாடிப் பெட்டியில் சீல் வைத்து மையத்தின் சுவரிலேயே மாட்டுங்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தால் போதும்.

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு கூடுகைக்குள் உத்தரவு வந்தால், மழைக்கு முன் பேட்டரியையும் ஃபில்டரையும் மாற்றித் தொட்டியைக் கழுவ நேரம் இருக்கும். அதற்குப் பிறகு வந்தால் தொட்டியைக் கழுவ மட்டும்தான் நேரம் இருக்கும்.

மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிழக்குக் கரைப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

நகல்: வருவாய்க் கோட்டாட்சியர், வட்டாட்சியர், ஊராட்சி மன்றத் தலைவர்

குறிப்பு: இந்த மனுவும் "உரிய அலுவலருக்கு" அனுப்பப்படுமானால், அந்த அலுவலர் யார் என்று ஒரு வரி எழுதித் தெரிவிக்கவும். நாங்களே போய்ப் பார்த்துக்கொள்கிறோம்.