வெயில் விழும் ஹாலுக்கு எந்த டிவி?

தருமபுரி

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய மாடல்களையெல்லாம் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு ஓஎல்இடி மேல் ஆசை. உனக்கு க்யூஎல்இடி போதும். உன் மாமனாருக்கு 65 இன்ச் வேண்டும். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் டிவியைப் பார்க்கும் முன் உங்கள் ஓசூர் வீட்டு ஹாலைப் பார்க்க வேண்டும். மேற்குப் பக்கம் பால்கனிக் கதவு முழுக்கக் கண்ணாடி. டிவி மாட்டப்போகும் சுவர் அதற்கு நேர் எதிரே. மதியம் 3 மணிக்கு மேல் வெயில் திரையிலேயே விழும். சோபாவிலிருந்து சுவர் 8 அடி. காலையில் போட்ட செய்திச் சேனல் இரவுச் சாப்பாடு வரை ஓடும். இதையெல்லாம் வைத்துத்தான் நான் சொல்கிறேன்: 55 இன்ச் மினி எல்இடி வாங்குங்கள். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு.

பெட்டியின் மேல் எத்தனை பெயர் இருந்தாலும் கடையில் இன்று இருப்பது இரண்டே வகைத் திரை. ஒன்று, பின்னால் விளக்கு எரிய, முன்னால் எல்சிடி படலம் அந்த வெளிச்சத்தைத் திறந்து மூடி படம் காட்டுவது. எல்இடி டிவி, க்யூஎல்இடி, மினி எல்இடி எல்லாம் இந்த வகைதான். க்யூஎல்இடியில் நீல விளக்குக்கு முன்னால் குவாண்டம் டாட் (நிறத்தை மாற்றித் தரும் நுண்துகள்கள்) படலம் ஒன்று கூடுதலாக இருக்கும். அதனால் சிவப்பும் பச்சையும் சுத்தமாக வரும். ஆனால் கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கும் என்பதை அந்தப் படலம் தீர்மானிக்காது, பின்விளக்குதான் தீர்மானிக்கும். மினி எல்இடியில் அந்தப் பின்விளக்கைச் சின்னஞ்சிறு எல்இடிகளாக ஆயிரக்கணக்கில் பரப்பி, பகுதி பகுதியாகப் பிரித்து, இருட்டான இடத்தில் குறைத்து வெளிச்சமான இடத்தில் கூட்டுவார்கள். இன்னொரு வகை ஓஎல்இடி. அதில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். இருட்டு அறையில் சினிமா பார்க்க அதற்கு ஈடு எதுவும் இல்லை. மாப்பிள்ளை சொல்வது அந்த விஷயத்தில் முழுக்கச் சரி.

ஆனால் உங்கள் வீட்டில் ஓஎல்இடி தாங்காது. அதன் புள்ளிகள் கரிமப் பொருளால் ஆனவை, எரிய எரியத் தேயும். எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. செய்திச் சேனலில் அப்படி இல்லை. மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து, தினமும் அதே இடம். அந்த இடம் மட்டும் முன்கூட்டியே தேய்ந்து, வேறு படம் போட்டாலும் நிழல் மாதிரி தங்கிவிடும். பல கம்பெனிகளின் வாரண்டியில் இது சேராது. இதைத் தள்ளிப்போட டிவிக்குள்ளேயே ஒரு ஏற்பாடு உண்டு. சில மணி நேரம் ஓடியபின் ரிமோட்டில் அணைத்தால், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். நம் வீடுகளில் ராத்திரி சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுவோம், அதனால் அந்த வேலை நடக்கவே நடக்காது. இதோடு, முழுத் திரையும் வெளிச்சமாக இருக்கும் காட்சியில் சாதாரண ஓஎல்இடி தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். மதிய வெயிலில் கிரிக்கெட் பார்க்கும்போது அதுதான் உறுத்தும்.

இன்னும் நல்லது வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பிளாஸ்மா என்ற பழைய வகை டிவி 2014-ஓடு முடிந்தது. 2010-ல் ஆரவாரமாக வந்த 3டி 2017-ல் கடையை விட்டே போனது. 2025-ல் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக எரியும் பின்விளக்கோடு 115, 116 இன்ச் டிவிகள் வந்தன. அது நடுத்தர விலைக்கு இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். 4கேயைப் போல் நான்கு மடங்கு புள்ளி உள்ள 8கே வேண்டவே வேண்டாம், அதில் பார்க்க நிகழ்ச்சியே இல்லை.

சைஸ் விஷயத்தில் மாமனார் கணக்கும் தப்பில்லை. 4கே (3840-க்கு 2160 புள்ளி) படத்துக்குத் திரை அளவைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் போதும். 8 அடி என்றால் 96 இன்ச், அதற்கு 65 பொருந்தும். ஆனால் நீங்கள் அதிகம் பார்ப்பது சேனல்கள். ஹெச்டி சேனலே 4கேயில் கால் பங்கு புள்ளிதான், சாதாரண எஸ்டி சேனல் 65-ல் மங்கிப் பிசுபிசுவென்று தெரியும். ஓடிடிதான் அதிகம் என்றால் 65 வாங்குங்கள் என்றிருப்பேன்.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு போ. முதல் படம் முழுக்கச் சாம்பல் நிறம், கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரிபாதி. 3840-க்கு 2160 அளவில் ஜேபெக்காக வைத்துக்கொள். அதைப் போட்டால் திரையில் திட்டுத் திட்டாக அழுக்குப் படிந்த மாதிரி இருக்கிறதா, செங்குத்தாகப் பட்டைகள் தெரிகிறதா என்று உடனே தெரியும். கிரிக்கெட்டில் கேமரா பச்சை மைதானத்தின் மேல் நகரும்போது அதே திட்டுதான் கண்ணை உறுத்தும். இரண்டாவது படம் முழுக்கக் கறுப்பு, நடுவில் சின்னதாக வெள்ளை எழுத்து. எழுத்தைச் சுற்றிப் புகை மாதிரி வெளிச்சம் பரவினால் பின்விளக்கின் பகுதிகள் குறைவு. மினி எல்இடி என்று எழுதிய பெட்டியிலேயே நூற்றுச் சொச்சம் பகுதிகளும் இருக்கும், ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். விலை வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான். பிறகு பக்கவாட்டில் நின்று பார். எல்சிடி படலத்தில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. நிறம் வெளுத்தால் விஏ பேனல், வெளுக்காவிட்டால் ஐபிஎஸ். ஐபிஎஸ்ஸில் கறுப்பு சாம்பலாகத் தெரியும், அதன் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000-க்கு 1தான். விஏவில் 3000-க்கு மேல் இருக்கும். உங்கள் சோபா நேர் எதிரே இருப்பதால் விஏ எடு. கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் திரை வேண்டாம், பால்கனி அப்படியே அதில் தெரியும்.

ஸ்பெக் தாளில் ஏமாற்றும் சொற்கள் சில உண்டு. 'மோஷன் ரேட் 240' என்பது விளம்பர எண். பேனல் நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது, நிஜமாக 60 ஹெர்ட்ஸா 120 ஹெர்ட்ஸா என்று மட்டும் கேள். ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி) லோகோ 300 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு) திரையிலும் ஒட்டியிருக்கும், அதனால் ஒரு பயனும் இல்லை. உங்கள் ஹாலுக்கு 800 நிட்ஸாவது வேண்டும். ராம் 2 ஜிபிக்குக் குறைந்தால் இரண்டு வருடத்தில் மெனு திறக்கவே நேரமாகும். சவுண்ட்பார் வாங்கும் எண்ணம் இருந்தால், டிவியின் சத்தத்தை அதற்கு அனுப்பும் இ-ஆர்க் போர்ட் இருக்கிறதா பார்.

விலையில் ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. வரிக்கு முன் 40,000 என்றால் முன்பு 51,200, இப்போது 47,200. பழைய எம்ஆர்பி ஒட்டிய பெட்டியைக் காட்டித் தள்ளுபடி பேசினால் பில்லில் வரியைச் சரிபார். பேனலுக்கு எத்தனை வருட வாரண்டி, உங்கள் பின்கோடுக்கு ஆள் எங்கிருந்து வருவார் என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டுவிடு. ஓசூரிலேயே ஆள் இருக்கும் கம்பெனி, சில ஆயிரம் கூடுதலானாலும் பரவாயில்லை. பேனல் போனால் அதன் விலை கிட்டத்தட்டப் புது டிவி விலை.

கரண்ட் பற்றிக் கவலை வேண்டாம். 120 வாட் எடுத்து தினம் 5 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 36 யூனிட். நீங்கள் 10 மணி நேரம் ஓடவிட்டால் 72. கவலைப்பட வேண்டியது இடிக்குத்தான். கோடை மழையில் நம் பக்கம் எப்படி இடிக்கும் என்று உனக்கே தெரியும். டிவி பொதுவாக 100-லிருந்து 240 வோல்ட் வரை தாங்கும், லோ வோல்டேஜுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தெருவில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 300, 400 வோல்ட் வரை ஏறிவிடும், பவர் போர்டு அந்த நொடியே போகும். அதனால் ஹை கட், அதாவது வோல்டேஜ் ஏறினால் கரண்டைத் தானே துண்டிக்கும் வசதி உள்ள ஸ்டெபிலைசர் போடு. வெறும் ஸ்பைக் பஸ்டர் இதற்குப் போதாது. இடி வரும்போது பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் ஆகாது. டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளையும் கழற்று. மின்னல் அந்த வழியாக இறங்கி ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியே டிவிக்குள் போகிறது. சர்வீஸுக்கு வரும் செட்டுகளில் பவர் போர்டு நன்றாக இருக்கும், ஹெச்டிஎம்ஐ போர்ட் மட்டும் எரிந்திருக்கும். காரணம் இதுதான். இன்டர்நெட் ஒயர் டிவியில் செருகியிருந்தால் அதையும் எடுத்துவிடு.

மாட்டும்போது திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 40, 42 இன்ச் உயரத்தில் வரட்டும். உயரத் தூக்கி மாட்டினால் கழுத்து வலிக்கும், விஏ பேனலில் நிறமும் வெளுக்கும். அடுக்குமாடியில் இப்போது ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் உள்ள எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவர்தான் அதிகம். செங்கல் சுவருக்கான சாதாரண பிளக் அதில் பிடிக்காது, ஏஏசிக்கென்றே உள்ள ஆங்கர் வாங்கித் தரச் சொல். ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே துளை போடக் கூடாது, உள்ளே ஒயர் ஓடும். இன்னொன்றை நீயே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிராக்கெட்டோடு வரும் ஸ்க்ரூக்களில் நீளமானதை எடுத்து டிவி முதுகில் முடுக்கினால், முனை உள்ளே போய்ப் பேனலைப் பின்னாலிருந்து உடைத்துவிடும். கையால் திருப்பி, சுலபமாக எவ்வளவு போகிறது என்று பார்த்தபிறகுதான் ஸ்க்ரூடிரைவர் போட வேண்டும்.

மாட்டியதும் முதல் கேள்வியாக 'ஸ்டோரா, ஹோமா' என்று கேட்கும். ஹோம் கொடு. ஸ்டோர் கொடுத்தால் வெளிச்சம் உச்சத்திலேயே நின்று, நீ மாற்றும் செட்டிங்கும் திரும்பிப் போய்விடும். பிக்சர் மோடு விவிட் வேண்டாம், மூவி அல்லது சினிமா வை. முதலில் மஞ்சளாகத் தெரியும், இரண்டு நாளில் கண் பழகிவிடும். பேக்லைட்டை மதியம் 80, ராத்திரி 40 என்று வை. எப்போதும் 100-ல் ஓடும் டிவியில் எல்இடி சூடாகி ஒன்று அறுந்தாலும், அதோடு தொடராக இணைந்த வரிசை முழுக்க அணைந்துவிடும். பல செட்டுகளில் மொத்த விளக்கையும் அதுவே நிறுத்திவிடும். சத்தம் வரும், படம் வராது என்று கொண்டுவருபவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான்.

துடைக்கும்போது ஈரத்துணியை அழுத்திப் பிழிந்தாலும் போதாது. ஒரு சொட்டு வழிந்து கீழ் ஓரத்துக்குள் இறங்கினால், அங்கே கண்ணாடியோடு ஒட்டிய மெல்லிய ஒயர் பட்டைகள் அரித்துக் கோடு விழும். அது பழுது பார்க்க முடியாத கோளாறு. போர் தண்ணீர் பட்டால் உப்புக் கறையும் படியும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால், அணைத்த திரையை, மேலிருந்து கீழாக மெதுவாகத் துடை. கொலின் தெளிக்காதே.

டெலிவரிக்கு வண்டி வரும்போது பெட்டி நின்ற நிலையில்தான் வர வேண்டும். படுக்கப்போட்டு ஹைவேயில் குலுக்கிக்கொண்டு வந்தால் வெளியே ஒரு கீறல் இல்லாமலே உள்ளே விரிசல் இருக்கும். படுக்கப்போட்டு வந்திருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பு. பெட்டியைத் திறப்பதிலிருந்து படம் வரும்வரை போனில் வீடியோ எடு. பெட்டியிலும் டிவி முதுகிலும் பில்லிலும் சீரியல் நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும். தூக்கும்போது இரண்டு பேர், ஓரச் சட்டத்தை மட்டும் பிடித்து. பென் டிரைவில் உள்ள சாம்பல் படத்தை இன்ஸ்டால் செய்ய வந்தவர் கிளம்பும் முன்பே போட்டுப் பார்த்துவிடு.

மாடல் நம்பரை முடிவு செய்ததும் எனக்கு அனுப்பு, அதே பெயரில் இரண்டு வகைப் பேனல் வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா