மலையும் இல்லை, படகும் இல்லை

லண்டன்,
டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வேலை ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிர் பழகிவிட்டது, வெயில் இல்லாததுதான் இன்னும் பழகவில்லை.

விடுமுறை நாட்களில் தேம்ஸ் கரையில் இருக்கும் டேட் பிரிட்டன் காட்சியகத்துக்குப் போகிறேன். டர்னர் என்ற ஓவியர் 1851-இல் இறந்த பிறகு அவரிடம் இருந்த படங்கள் நாட்டுக்கே சொந்தமாகிவிட்டன. ஆயிரக்கணக்கான தாள்கள். வெளிச்சம் பட்டால் நீர்வண்ணம் வெளுத்துவிடும் என்பதால் விளக்கை மங்கலாகவே வைத்திருக்கிறார்கள்.

அதில் ஒரு தாள். கீழே பழுப்பு, நடுவில் மஞ்சள் பட்டை, மேலே நீலச்சாம்பல். அவ்வளவுதான். “இதை நானே வரைவேனே” என்பீர்கள், தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஈரத் தாளில் நீலத்தை விட்டு, அதன் போக்கில் ஓட விட்டிருக்கிறார். மஞ்சளைத் தொடப்போகும் இடத்தில் மட்டும் நூலளவு வெறுந்தாள். அதை விடாவிட்டால் இரண்டும் கலந்து பச்சையாகியிருக்கும். படத்திலேயே அதிக வெளிச்சம் அங்கேதான். நீர்வண்ணத்தில் பெரும்பாலும் வெள்ளையைப் பூசுவதில்லை, தாளின் வெண்மையைத்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். ஓர் ஓரத்தில், சுவரில் மழைநீர் ஒழுகிக் காய்ந்த மாதிரி ஒரு கறை. அரைகுறையாகக் காய்ந்த வண்ணத்தில் தண்ணீர் சொட்டினால் அப்படி ஆகும். அதையும் மேகமாகவே விட்டுவிட்டார்.

கைக்கு வந்ததைத் தீட்டியவர் இல்லை, அப்பா. வெனிஸிலும் சுவிஸ் மலைகளிலும் நோட்டு நோட்டாக வரைந்து தள்ளியவர். மலையை வரையத் தெரிந்துதான் விட்டிருக்கிறார். முழுதாக முடித்த படங்களைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. (அவற்றில் ஆடு, மாடு, ஆட்கள் என்று கூட்டம் சேர்ந்துவிடுகிறது.)

வந்த புதிதில் இது எனக்குப் பிடித்திருக்காது. வானம் எப்போதும் ஒரே சாம்பல் என்று உங்களிடமே புலம்பியிருக்கிறேன். இப்போது பேருந்து பாலத்தைக் கடக்கும்போது, ஆற்றுக்கு மேல் ஒரு சாம்பல், அதற்கும் மேலே கொஞ்சம் ஊதா கலந்த இன்னொரு சாம்பல் என்று பார்த்துக்கொண்டே போகிறேன். இறங்கும் இடத்தைத் தவறவிடாமல் இருந்தால் சரி.

அச்சுப்படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சில் நீலம் கொஞ்சம் கறுத்துவிட்டது. கையில் வைத்துப் பார்க்காமல், சுவரில் சாய்த்துவிட்டு எட்ட நின்று பாருங்கள். எது மேல், எது கீழ் என்று அம்மா கேட்டால், பழுப்புதான் கீழே. அவளுக்கு அதில் என்ன தெரிந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்