மலை இறங்கத் தெரியணும், கண்ணு

கண்ணு,

ஓசூர் வேலையை விட்டுவிட்டு நம் வண்டியையே ஓட்டுகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். அம்மாவுக்குப் பயம். எனக்கு, உண்மையைச் சொன்னால், சந்தோஷம். போனில் இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

லைசென்ஸ் பற்றிக் கேட்டிருந்தாய். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குக் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நம் வண்டி அதற்குள்தான் வருகிறது. ஆனால் ஊட்டியில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்க அது போதாது. சுமார் 50 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்குகிறோம். குன்னூருக்குக் கீழே கல்லாறு வரை கொண்டை ஊசி வளைவே 14 இருக்கிறது.

எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கை மிதி, காலை எடு, மறுபடி மிதி, எடு. கால் வைத்தபடியே வராதே. லைனிங் கருகும் வாசனை வந்துவிட்டால், இன்னும் பிடிக்கிறதே என்று ஓட்டாமல் ஓரம் கட்டு. தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விட்டுவிடும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கச் சொல்கிறவர் எவ்வளவு பழைய டிரைவராக இருந்தாலும் கேட்காதே. ஏறி வருகிற வண்டிக்கு நாம்தான் நின்று வழிவிட வேண்டும். பலாப்பழ சீசனில் பர்லியார் பக்கம் யானை வரும். ஹாரன் அடிக்காமல் தள்ளி நிறுத்து, அது போகட்டும்.

வளைவைவிட எனக்குப் பயம் அவசரம்தான். மெஷினில் கழுவி மூட்டை பிடித்த கேரட் ரொம்ப நேரம் தாங்காது. தார்ப்பாயை இறுக்கி மூடினால் உள்ளே சூடேறி அழுக ஆரம்பிக்கும், பின்பக்கம் காற்றுக்கு இடம் விட்டுக் கட்டு. ஏலத்துக்கு முன்னால் வந்துவிடணும் என்று மண்டியிலிருந்து போன் மேல் போன் வரும். விவசாயியை நினைத்தால் நமக்கும் மனசு கேட்காது. விலை இறங்கினால் முழு நஷ்டமும் அவருக்குத்தானே! அதனால் லோடு ஏற்றுகிற இடத்துக்கு நீ சீக்கிரம் போ. இறங்கும்போது நேரத்தைப் பிடிக்கப் பார்க்காதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூரிலேயே நிறுத்தத் தோன்றினால் நிறுத்திவிடு. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள், அப்போது நீ சின்னப் பையன். மண்டிக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

வருமானத்தைப் பற்றியும் தெரிந்துகொள். கேரட் என்ன விலைக்கு ஏறினாலும் நமக்கு மூட்டைக்கு இவ்வளவு என்ற வாடகைதான். அதில் டயர், இன்சூரன்ஸ், வண்டித் தகுதிச் சான்று (எஃப்சி) எல்லாம் போகணும். ஓசூர் சம்பளம் மாதிரி முதல் தேதி வந்து நிற்காது. ஆனால் தினமும் வீட்டுச் சோறு உண்டு. தூரத்து ஊர்களுக்கு லைன் லாரி ஓட்டுகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

வந்ததும் ஸ்டீயரிங் கேட்காதே. முதலில் என் பக்கத்தில் உட்கார்ந்து வா. அப்புறம் காலி வண்டி, அப்புறம் பாதி லோடு. அதுவரை ஓசூரில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டாம், தீபாவளிக்கு லீவு மட்டும் கூட நாலு நாள் சேர்த்துப் போட்டு வா. இதை மறக்காமல் எழுதச் சொன்னது அம்மா.

அப்பா