பாலைவனப் பூ விதை என்று பிளாக்ஜாக் களை விதையை அனுப்பியது பற்றிய புகார்

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள்
பொருள்: கிரீலம் என்கிற பாலைவனப் பூவின் விதை பாக்கெட், பணம் திரும்பக் கேட்பது, உங்கள் ஊழியரின் மரியாதையில்லாத பேச்சு

ஐயா,

வணக்கம். ஆங்கிலத்தில் எழுதிய மெயில்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிற அதே நன்றிக் கடிதம்தான் திரும்பி வருகிறது. உங்களுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும் என்று டர்பனை அடுத்த பைன்டவுனில் உங்கள் டெப்போவில் வண்டி ஓட்டுகிற ஒரு தம்பி சொன்னார். அதனால் இதைத் தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நடுவில் யார் கையில் சிக்கினாலும் படிக்கத் தெரியாமல் உங்கள் மேசைக்கே வந்து சேரும் அல்லவா.

எந்தப் பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மணலோடு கலந்து வருகிறதே, அந்த மஞ்சள் பாக்கெட்தான். ஆர்டர் எண் என் பழைய மெயில்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது, தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பூவை நான் நம் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கில், நமக்வாலாந்து என்கிற வறண்ட பகுதியில், ஸ்பிரிங்பொக் ஊர்ப் பக்கத்துக் கூகாப் காப்பகத்தில் ஒரு ஆகஸ்ட் மாதம் பார்த்தேன். வந்தவர்கள் எல்லோரும் ஆரஞ்சு நிற நமக்வாலாந்து டெய்சியைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, இது ஓரமாக மணலில் படர்ந்து கிடந்தது. வெயில் பட்டதும் பட்டுத் துணியின் மினுக்கு, எலுமிச்சை மஞ்சள். ஒரு கொடியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் வட கேப் மாகாணத்தில் அனுமதியில்லாமல் காட்டுச் செடியை எடுப்பது குற்றம். சின்னச் சின்ன கோனோஃபைட்டம் செடிகளைத் திருடி வெளிநாட்டுக்கு விற்கிற கும்பல்களைப் பற்றிப் பேப்பரில் வருவதை நீங்களும் படித்திருப்பீர்கள். காசு கொடுத்து முறையாக வாங்குவோம் என்றுதான் உங்களிடம் வந்தேன். அதற்குக் கிடைத்த பலன் இது.

அந்த டெப்போ கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மூச்சு அடைக்கும். "மீதி விதையையும் பாக்கெட்டையும் நேரில் கொண்டுவந்து காட்டினால்தான் விசாரிப்போம்" என்று ஃபோனில் சொன்னார்கள். சரி என்று டர்பனில் என் வீடு இருக்கிற சாட்ஸ்வர்த்திலிருந்து முழங்கால் வலியோடு டாக்ஸி பிடித்துப் பைன்டவுன் போனேன். அங்கே கேட்டைக்கூடத் திறக்கவில்லை. ரிட்டர்ன் எல்லாம் ஸ்பிரிங்ஃபீல்டு கிளையில்தான் என்று கேட்டின் கம்பி வழியாகவே சொல்லி அனுப்பினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனால், "விதை விவகாரமா? அது பைன்டவுன்." அப்போது கவுண்டரில் இருந்த அந்த நீலச் சட்டைக்காரர் பாக்கெட்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. செல்ஃபோனைத் தேய்த்துக்கொண்டே, "ஆன்ட்டி, பாலைவனப் பூ வேண்டுமானால் பாலைவனத்துக்குப் போங்கள்" என்றார். பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை அதட்டாமல் அடக்கிய டீச்சர் நான். அன்றைக்கு எனக்கு வாயே வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நல்ல நல்ல பதிலெல்லாம் தோன்றியது.

அந்த ஆளுக்கு ஒன்று தெரியுமா? உங்களுக்காவது தெரியும் என்று நம்புகிறேன். கிரீலத்தின் காய் தட்டையாக, சட்டைப் பட்டன் மாதிரி கெட்டியாக இருக்கும். உங்கள் மணலில் அப்படி ஒன்றும் இல்லை. விதைப்பதற்கு முன்பே ஃபோன் செய்து கேட்டேன். "உரித்துச் சுத்தம் செய்த விதை மேடம், கவலைப்படாதீர்கள்" என்றார்கள். கவலைப்படாமல் விதைத்தேன்.

ஜனவரியிலேயே ஆர்டர் கொடுத்தது எதற்காக? நமக்வாலாந்துச் செடிக்கு மழை குளிர்காலத்தில். ஏப்ரல் வாக்கில் விதைத்து, மே, ஜூன், ஜூலையில் அளவாகத் தண்ணீர் காட்டினால் ஆடி மாதத்துக்குப் பூக்கும். டர்பனில் குளிர்காலம் வறண்டது, தண்ணீரை நம் கையால் அளந்து விடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்கினேன். நன்றாக விளைந்துகொண்டிருந்த புதினாப் பாத்தியை அழித்து, ஒரு பக்கி வண்டி (சின்ன லாரி) நிறைய ஆற்று மணல் இறக்கி, மேடு கட்டினேன். உரம் ஒரு பிடி போடவில்லை.

முளைத்தது என்ன தெரியுமா? பிளாக்ஜாக்! சாட்ஸ்வர்த்தில் சாக்கடை ஓரம் முளைக்கிற அதே பிளாக்ஜாக். அதற்கு நான் பாத்தி கட்டி, மணல் கொட்டி, பூவாளியால் தண்ணீர் தெளித்திருக்கிறேன். ஆடிக் கஞ்சிக்கு மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த என் நாத்தனார், "நமக்வாலாந்துப் பூ எங்கே அண்ணி?" என்று பாத்திக்குள் காலை வைத்து, புடவை ஓரம் முழுக்கக் கருப்பு ஊசிகளோடு வெளியே வந்தாள். கஞ்சி ஆறிப்போகும் வரை இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். ஒவ்வொரு ஊசியின் நுனியிலும் கொக்கி வைத்த முட்கள், இழுத்தால் ஜரிகையோடு வருகிறது. அந்தப் புடவை போயே போச்சு. இந்த ஒரு வருஷமும் எனக்குப் போச்சு. என் வயதில் ஒரு வருஷத்துக்கு என்ன விலை போடுவீர்கள்?

உங்கள் கம்பெனியில் நல்லவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜூன் மாதம் ஃபோனை எடுத்த ஒரு பெண் மிகவும் பொறுமையாகக் கேட்டு, புகாரைப் பதிந்து, மாற்று விதை அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவும் செய்தீர்கள். எப்போது? அக்டோபரில்! கூடவே "உடனே விதைக்கவும், தினமும் தண்ணீர் விடவும்" என்று ஒரு தாள். ஐயா, டர்பனில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஸ்பிரிங்பொக்கில் பெய்வது 200 மில்லிமீட்டர் அளவு, அதுவும் குளிர்காலத்தில். அந்தச் செடியை டர்பன் கோடை மழையில் நட்டு, மேலே தினமும் தண்ணீரும் விடச் சொல்கிற ஆளை எந்த நர்சரியில் பிடித்தீர்கள்? இந்தப் பாக்கெட்டிலும் பட்டன் காய் ஒன்றுகூட இல்லை. பிரித்து, சலித்து, அப்படியே டப்பாவில் வைத்திருக்கிறேன், சாட்சியாக.

இப்போது பணம் கேட்டால், "ஆறு மாதம் தாண்டிவிட்டது" என்கிறார்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவை யாராவது எடுத்துப் படித்தீர்களா? பழுதான பொருளை, கையில் கிடைத்து ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். பணமா மாற்றுப் பொருளா என்று சொல்ல வேண்டியது வாங்கியவர். திருப்பி அனுப்புகிற செலவும் பொறுப்பும் விற்றவருடையது. ஏப்ரலில் கிடைத்தது, ஜூனில் புகார் கொடுத்தேன், உங்கள் பெண்ணே பதிந்திருக்கிறார். அப்படியிருக்க, என்னை எதற்கு டாக்ஸி ஏற்றி ஊர் சுற்ற வைத்தீர்கள்?

தயவுசெய்து இதை மேலே கொண்டுபோக வைக்காதீர்கள், எனக்கும் அதில் ஆசை இல்லை. பாக்கெட்டின் விலை, மணலுக்கும் டாக்ஸிக்கும் ஆன செலவு எல்லாம் பத்து வேலை நாளுக்குள் வந்துவிட வேண்டும். ரசீதுகளின் நகல் இத்துடன் இருக்கிறது. புடவைக்கு ரசீது இல்லை, அதை உங்கள் மனசாட்சிக்கு விடுகிறேன். நீலச் சட்டைக்காரர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இது நடக்காவிட்டால் நுகர்வோர் பொருள் சேவை குறைதீர்ப்பாளருக்கு எழுதுவேன். அவர்களும் இழுத்தடித்தால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 20,000 ரேண்ட் வரை அங்கேயே கேட்கலாம், வக்கீல் வைத்து வாதாட முடியாது. கம்பெனி சார்பில் நீங்களோ உங்கள் ஆளோ வந்து என் எதிரே நிற்க வேண்டியிருக்கும். டப்பாவோடு நான் வருவேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: மூன்றாவதாக ஒரு பாக்கெட் அனுப்பிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பாத்தியில் மறுபடி புதினா போட்டாயிற்று.